ராஜி அக்காவின் மீன் பைகள்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் ராஜி அக்காவின் அண்ணன் கணேசன். "ராஜி இன்று காலை காலமாகிவிட்டாள். மாலை தகனம். அவளுடைய மீன் பைகள் இரண்டும் வாசலில் இருக்கின்றன. சௌகரியப்படும்போது வந்து எடுத்துக்கொண்டு போகவும்."

நான் அப்போது ஆலப்புழையில் ஒரு பழைய பங்களாவின் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் கண்ணில் பட்டது கடைசி வாக்கியம்தான். அக்காவின் பைகளை எதற்கு நான் எடுக்க வேண்டும், நீண்ட லீவில் போகிறாரா என்று நினைத்தேன். பிறகுதான் மேலே படித்தேன். பதிலுக்கு, "எந்த ராஜி?" என்று அனுப்பினேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ராஜிதான். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இப்போதும் புரியவில்லை. கணேசன் சார் பொறுமையாக, "உங்க ஆபீஸ் ராஜி" என்று பதில் போட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். கோட்டைக்குள் அவருடைய தெருக்காரர்கள், எங்கள் ஆபீஸ் ஆட்கள், சாலைக் கடைத்தெருவில் பையைப் பார்த்தே ஆளை அடையாளம் சொல்கிறவர்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கு முன் அவற்றை உள்ளது உள்ளபடி அளந்து வரைந்து கொடுப்பது எங்கள் ஆபீஸின் வேலை. நான் அங்கே லேசர் ஸ்கேனர் ஓட்டுகிறேன். முக்காலியில் கருவியை வைத்து ஒரு பட்டனை அமுக்கினால் போதும்; அது தன்னைத்தானே சுற்றி, சுவர், தூண், விரிசல் எல்லாவற்றையும் கோடிக்கணக்கான புள்ளிகளாக எடுத்துக்கொள்ளும். ராஜி அக்கா வரைபடப் பிரிவில் மூத்தவர். அதோடு, யாரும் கேட்காமலே, ஒவ்வொரு கட்டடத்தையும் ஒரு பெரிய மரக் கேமராவில் படம் எடுப்பார். துருத்தி வைத்தது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஃபிலிம் தாள். தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அவர் உள்ளே போனால் எப்போது வெளியே வருவார் என்று சொல்ல முடியாது. அதற்குள் நான் கட்டடம் முழுவதையும் ஸ்கேன் செய்து, டீ குடித்து, கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பேன்.

"அக்கா, நான் முடிச்சாச்சு" என்பேன்.

துணிக்குள்ளிருந்து குரல் வரும்: "நீ முடிச்சுட்டேன்னா கட்டடம் முடிஞ்சுடுத்தாடா?"

அவர் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்குள் இருந்தது சண்டைதான். நல்ல சண்டை.

மீன் பைகள் அவரிடம் வந்ததற்கு நான்தான் காரணம். அந்தக் கேமராவை அவர் ஒரு பழைய அலுமினியப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைவார். ஒருநாள் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பெட்டியின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பெட்டி தரையில் விழுந்தது. நல்லவேளை, லென்ஸ் தப்பித்தது. அக்கா பெட்டியைக் குழந்தையைப் போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். அந்த அளவு கேமராவுக்கென்று பை இங்கே எந்தக் கடையிலும் கிடையாது. வெளியூரிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்று ஆளாளுக்குச் சொல்லி நாளைக் கடத்தினார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "எங்க அப்பா கடைக்கு வாங்க" என்றேன்.

என் அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் கடை போட்டவர். கயிறு, வலை, தூண்டில், மிதவை. இப்போது கம்பெனி வேலை பார்க்கிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போகிறார்கள் அல்லவா, அவர்களுக்கான பைகளும் உண்டு. அக்கா கையில் தன் ஃபிலிம் ஹோல்டரோடு வந்தார். ஃபிலிம் ஹோல்டர் என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் அளவில் தட்டையான கறுப்புக் கூடு. பக்கத்துக்கு ஒரு ஃபிலிம் தாள் உள்ளே இருக்கும். மேலே ஒரு தகடு மூடியிருக்கும். அந்தத் தகட்டை வெளிச்சத்தில் உருவினால் தாள் வீண். ஒரு கணம் போதும். அந்தக் கூட்டைக் கடையில் இருந்த ஒவ்வொரு பையிலும் நுழைத்துப் பார்த்தார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா, எந்த மீனப் புடிக்கப் போறிய?"

"இன்னும் தெரியலை அண்ணாச்சி. மாட்டினா சொல்றேன்."

"இல்ல, மீனுக்குத் தக்கதா பை எடுக்கணும் பாத்துக்கிடுங்க."

"பெரிய மீனாக்கும். ஆனா நகராது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கடைசியில் இரண்டு பைகள் தேறின. ஒன்று நீளமானது, தூண்டில் கம்புகளுக்கானது. கேமராவின் முக்காலியும் கறுப்புத் துணியும் அதில் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தன. இன்னொன்று சதுரமானது, தோளில் மாட்டுவது. அதன் மேல் அறையில் கேமரா அடங்கியது; பக்கத்திலேயே, தூண்டில் முள் டப்பாக்கள் வைக்கும் தடுப்புகளில், ஃபிலிம் ஹோல்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. அடியில் தனி ஜிப் போட்ட ஓர் அறை. உள்ளே வெள்ளித்தாள் மாதிரி உறை, தண்ணீர் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. பிடித்த மீனை ஐஸோடு போட்டுக்கொண்டு வருவதற்கு. இரண்டு பையின் மூடியிலும் நீல நிறத்தில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மீன் துள்ளும்.

"அக்கா, உங்க வீட்டில இதுக்கு என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன். அவர்கள் தெருவில் மீன் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார்கள்.

"உள்ளே கொண்டுவராதேம்பா. நான் கொண்டுபோக மாட்டேன். அவ்வளவுதானே?" என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. கேமரா வீட்டுக்குள் போகும். பைகள் வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கும். புதுப் பை, மீன் வாசனைகூடப் படாதது என்று அவர் விளக்கம் சொன்னதாகத் தெரியவில்லை. நான் ஒருமுறை அவருடைய மன்னியிடம், அதாவது கணேசன் சாரின் மனைவியிடம், இதைச் சொன்னேன். "அது சரி, ஆனா பையில மீன் வாயைத் தொறந்துண்டு பாக்கறதே!" என்றார்.

இப்போது என் குழப்பத்துக்கு வருகிறேன். கைப்பிடி அறுந்ததால் அவசரத்துக்கு எடுத்த பை அது. பிறகு ஒரு நல்ல கேமராப் பை கிடைத்தது. ஆபீஸிலேயே வாங்கிக் கொடுத்தார்கள். அக்கா அதில் மதியச் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு வந்தார். கேமரா மீன் பையிலேயே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அடியில வெள்ளித்தாள் இருக்கு பாரு, ஃபிலிம் சூடாகாது" என்றார்.

இது எனக்குப் புரிகிற காரணம். ஆனாலும் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெயில் நாளில் வெப்பமானியின் சென்சாரை உள்ளே போட்டு வைத்தேன். ஐஸ் போடாவிட்டால் மத்தியானத்துக்குள் உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடுதான். அக்கா ஒருநாளும் ஐஸ் போட்டதில்லை. சூடு ஏறிய வரைபடத்தையே கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "அப்படியா? சரி" என்றார். மறுநாளும் அதே பை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

என் அப்பாவிடம் வேறு காரணம் சொல்லியிருக்கிறார்: ரயிலிலும் பஸ்ஸிலும் மீன் பையை யாரும் திருட மாட்டார்கள். எங்கள் ஆபீஸ் அனுவிடம் இன்னொன்று: சைட்டில் கேமராப் பையைப் பார்த்தால் காவலாளிகள் யார், என்ன, எங்கிருந்து என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள், மீன் பை என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். கணேசன் சாரிடம்: "நம்மாத்துக் குழந்தைகள் கேமராப் பைன்னா குடைவா. மீன் பைன்னா கிட்டயே வர மாட்டா." நாலு பேருக்கு நாலு காரணம். ஒரு கருவி நாலு தடவையும் நாலு அளவு காட்டினால் அது பழுது என்று ஒதுக்கிவிடுவேன். ஆளை என்ன செய்வது?

விழிஞ்ஞத்துக்கு நாங்கள் போன நாளைச் சொல்ல வேண்டும். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உப்புக்காற்றில் அரித்துப்போன ஒரு பழைய கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு. தூரத்தில் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரிந்தன. வானம் மூடியிருந்தது. நாங்கள் படகுகளுக்கு நடுவே நடந்துபோனபோது வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் அக்காவின் தோளில் இருந்த பைகளைப் பார்த்தார்.

"சேச்சி, சூண்டயிடான் ஆணோ?" தூண்டில் போடவா என்று கேட்டார்.

"அதே சேட்டா." ஆமாம் என்றார் அக்கா.

"இவிடே ஒந்நும் கிட்டில்லா. அங்கோட்டு பாறையில் போ." இங்கே ஒன்றும் சிக்காது, அந்தப் பாறைப் பக்கம் போ என்றார்.

"எனிக்கு இவிடே மதி", எனக்கு இங்கேயே போதும் என்றார் அக்கா, அந்தக் கிட்டங்கிச் சுவரைக் காட்டி. வலைக்காரர் சுவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நான் வழக்கம்போல் முடித்துவிட்டேன். அக்கா துணிக்குள் போய் வந்து, மறுபடியும் போய், மேகத்தைத் திட்டி, மறுபடியும் வந்தார். படத்தில் அளவு தெரிவதற்காகச் சுவரை ஒட்டிச் சிவப்பு வெள்ளைக் கழி ஒன்றை நிறுத்துவது வழக்கம். அன்று கழி ஆபீஸிலேயே கிடந்தது.

"பையை வெச்சுடலாம்" என்றார். "அதோட அளவு உனக்குத் தெரியுமோல்லியோ?"

"தெரியும். ஆனா பை சின்னது. சுவர் பெரிசு."

"அப்போ நான் நிக்கறேன். என் உயரமும் தெரியும்." வயரை என் கையில் கொடுத்தார். அதன் நுனியை அமுக்கினால் கேமரா திறந்து மூடும். "நான் சொன்னதும் அமுக்கு. வெளிச்சம் கம்மி, மெதுவாத்தான் மூடும். பதறாதே."

சதுரப் பையைச் சுவரோரம் வைத்து, பக்கத்தில் போய் நின்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். சொன்னார். அமுக்கினேன். 'டக்' என்று திறந்து, கொஞ்சம் பொறுத்து, 'டக்' என்று மூடியது. முடிந்தது என்று நான் என் பெட்டியைத் தூக்கினேன். அவர் தகட்டைச் செருகி ஹோல்டரை உருவினார். வழக்கமாக மேல் அறைத் தடுப்பில்தான் வைப்பார். அன்று அந்த ஒன்றை மட்டும் அடி அறையைத் திறந்து வெள்ளித்தாளுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"அங்க எதுக்குக்கா?"

"அது மீன் வைக்கற எடம்டா."

வேடிக்கை என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

ஃபிலிம்களை அவர் உடனுக்குடன் கழுவ மாட்டார். சேர்த்து வைத்துக்கொண்டு, ஆபீஸ் ஸ்டோர் ரூம் கதவிடுக்குகளில் கறுப்பு டேப்பை ஒட்டி, ஒரே மூச்சாகக் கழுவுவார். அந்த மழைக்காலத்தில் எடுத்தவை எல்லாம் பையிலேயே இருந்தன. அதற்குள்தான் அந்தக் காலை வந்தது. பல் தேய்க்கப் போனவர் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. முந்தின நாள் என்னிடம், "திங்கட்கிழமை நீ வந்ததும் உன்னோட புள்ளியையும் என்னோட படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்" என்று போனில் சொன்னவர். எந்தத் திங்கட்கிழமை?

ஆலப்புழையிலிருந்து நேரே சுடுகாட்டுக்குத்தான் போக முடிந்தது. சில நாள் கழித்துத்தான் வீட்டுக்குப் போனேன். கணேசன் சார் கூடத்தில் ஒரு நாற்காலியைக் காட்டினார். அம்மா, ராஜி அக்காவின் அம்மா, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், "பையை எடுக்க வந்தேன்" என்றேன். இப்படித்தான் நான் பேசுவேன். அவர்கள் பழகியவர்கள், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பை இருக்கட்டும்" என்றார் கணேசன் சார். "ஜெகன், உங்ககிட்ட ராஜியோட படம் ஏதாவது இருக்கா? பதிமூணாம் நாள் வெக்கணும். ஆத்துல ஒண்ணுகூட இல்லை."

"ஒண்ணுமேவா?"

"யார் போனை நீட்டினாலும் கையால மூஞ்சியை மறைச்சுப்பா. என் கல்யாண ஆல்பத்துல இருக்கா, அப்போ சின்னப் பொண்ணு. அப்புறம் ஆதார் கார்டு."

"அதை வெச்சா அவ எழுந்து வந்து அடிப்பா" என்றார் மன்னி. அழுதுகொண்டே சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டார்.

ஜன்னலோரத்திலிருந்து அம்மா சொன்னார்: "எனக்கு அவ மூஞ்சி வேணும். மறந்துபோயிடுமோன்னு பயமா இருக்கு." எந்த அழுத்தமும் இல்லாமல் சொன்னார். உப்பு குறைவு என்று சொல்வதுபோல.

எனக்கு உடனே விழிஞ்ஞம் ஞாபகம் வந்தது. "படம் இருக்கு" என்றேன். "நான்தான் அமுக்கினேன். பைக்குள்ள இருக்கு. கழுவணும், அவ்வளவுதான்."

மன்னியின் முகம் மாறியது. "எந்தப் பைக்குள்ள?"

அவர் என்னை வெளிப்படி வழியாக மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பைகள் இரண்டும் கொடியில் தலைகீழாகத் தொங்கின. பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் ஃபிலிம் ஹோல்டர்கள் வரிசையாக வெயிலில். எல்லாத் தகடுகளும் உருவி, துடைத்து, தனியாக அடுக்கியிருந்தன. உள்ளிருந்த ஃபிலிம் தாள்கள் சுருண்டு கிடந்தன.

"அவ சாமானாச்சே, அப்படியே போட்டு வெக்கக் கூடாதுன்னுதான்..." என்றார் மன்னி. "மஞ்சத் தண்ணி விட்டு அலம்பினேன். உள்ளே என்னமோ ஒட்டிண்டிருந்தது, அதையும் உரிச்சுக் காய வெச்சேன். என்ன ஜெகன்? தப்பாப் பண்ணிட்டேனா?"

அத்தனை வருஷம் தொடாத பையை அவர் நாத்தனாருக்காகத் தொட்டிருக்கிறார். தொட்டு, சுத்தப்படுத்தி, ஒழுங்காக அடுக்கி, வெயிலில் வைத்திருக்கிறார். ஒரு ஃபிலிமுக்குச் செய்யக் கூடாதது எல்லாவற்றையும் அன்போடு செய்திருக்கிறார். "இதெல்லாம் போச்சு மன்னி. வெளிச்சம் பட்டாச்சு" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "அடியில ஒரு ஜிப் இருக்குமே. அதைத் திறந்தீங்களா?"

"அய்யய்யோ! அது மீன் போடற எடமாச்சே. அதுல எப்படி நான் கை விடுவேன்? மேலோடத் தண்ணி விட்டதோட சரி."

கொடியிலிருந்து பையை இறக்கினேன். ஜிப்பை விரலால் தடவிப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது. பையோடு ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே ஸ்டோர் ரூமில் விளக்கை அணைத்துவிட்டுத் திறந்தேன். உள்ளே காய்ந்திருந்தது. ஒரே ஒரு ஹோல்டர் கையில் தட்டுப்பட்டது. தகடு செருகியே இருந்தது.

நான் அதற்கு முன் ஃபிலிம் கழுவியதில்லை. மருந்துப் புட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்து, கலந்து, மூன்று தட்டுகளில் ஊற்றி வைத்துக்கொண்டேன். பொட்டு வெளிச்சம் கூடாது, அதனால் போன் உள்ளே வரக் கூடாது. அனு கதவுக்கு வெளியே போனில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அக்காவோடு வரைபட மேஜையைப் பங்கிட்டுக்கொண்டவள்.

"ஆயோ?" நேரம் ஆயிற்றா என்று உள்ளிருந்து கத்தினேன்.

"ஆயில்லா."

"இப்போ?"

"ஜெகா, கொறச்சு க்ஷம காணிக்கூ! சேச்சி உண்டாயிருந்நெங்கில் நின்னே அடிச்சேனே." கொஞ்சம் பொறுமையாக இரு, சேச்சி இருந்திருந்தால் உனக்கு அடி விழுந்திருக்கும் என்றாள். இருட்டில் தட்டை ஆட்டிக்கொண்டே நின்றேன். என் வேலையில் இருட்டுக்கு இடமே கிடையாது. கண்ணைத் திறந்து வைப்பதா மூடுவதா என்றுகூடத் தெரியவில்லை.

அனு சொன்னபோது அடுத்த தட்டு, பிறகு அடுத்தது. கடைசியில் விளக்கைப் போட்டேன்.

படம் இருந்தது. சுவரின் ஒவ்வொரு உப்பரிப்பும் தெளிவாக இருந்தது. பை அதைவிடத் தெளிவு. தையல் நூலை எண்ணலாம், மீனின் செதிலை எண்ணலாம். ராஜி அக்காவின் புடவை மடிப்பு, கால் விரல்கள், இடுப்பில் வைத்த கை எல்லாம் சரியாக வந்திருந்தன. முகம் மட்டும் கொஞ்சம் அசைந்திருந்தது. மெதுவாக மூடும் கேமரா, அவர் அந்த நேரத்தில் எதையோ சொல்லியிருக்கிறார். வாய் பாதி திறந்து, சிரிப்பு தொடங்கி, தலை லேசாக என் பக்கம் திரும்பி. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவர் "இப்போ" என்றார். பிறகு எதுவும் சொல்லவில்லை. படத்தில் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார்? எனக்கு எப்படிக் கேட்காமல் போயிற்று?

அன்று எடுத்த ஸ்கேனையும் கணினியில் திறந்து பார்த்தேன். சுவருக்கு முன்னால் ஒரு நிரை சாம்பல் புள்ளிகள். ஆள் நடந்தால் அப்படித்தான் விழும். வரைபடம் போடும்போது அதைச் சுத்தம் செய்துவிடுவோம். உயரம் சரியாக அவருடையது. தோளில் ஒரு பருமன், பை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. புள்ளியையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றாரே, வைத்துப் பார்த்தேன். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை.

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். சதுரப் பையைப் பழைய இடத்தில், வாசலில் வைத்தேன். கணேசன் சார் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ராஜிதான்" என்றார். சற்றுக் கழித்து, தயங்கித் தயங்கி, "ஜெகன், இந்தப் பையை மட்டும் வெட்டி எடுத்துட முடியுமா? கூடத்துல மாட்டணும். சாஸ்திரிகள் வருவார், நாலு பேர் வருவா..."

"முடியும் சார். இடுப்புக்கு மேல வெட்டிப் பெரிசு பண்ணலாம். ஆனா முகம் அசைஞ்சிருக்கு. பெரிசாக்கினா அசைவும் பெரிசாகும். முழுசா வெச்சாத்தான் முகம் முகமாத் தெரியும்."

"அப்படியா?"

"அப்படித்தான்."

அவர் மன்னியைப் பார்த்தார். மாடியில் நடந்ததிலிருந்து பையைப் பற்றி மன்னி வாயே திறப்பதில்லை. அம்மா கையை நீட்டினார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார். கிட்டத்தில் பார்க்க அவருக்குக் கண்ணாடி வேண்டாம். முகத்தின் மேல் விரலை வைக்காமல், கொஞ்சம் உயரத்திலேயே நிறுத்தி, சுற்றி வந்தார்.

"ஏதோ சொல்லிண்டிருக்கா" என்றார். "என்னடா சொன்னா?"

"தெரியலை மாமி."

"அமுக்குடான்னிருப்பா."

"அதை அதுக்கு முன்னாலேயே சொல்லிட்டாங்க."

"அப்போ வேறென்னமோ." விரல் கீழே இறங்கிப் பையின் மேல் நின்றது. மீன் அவரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கணேசன் சார் படத்தை வாங்கக் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. "வெட்டாதே. பையில்லாம அவ எங்கே போயிருக்கா? வெட்டினா யாரோ மாதிரி இருக்கும்."

பதிமூன்றாம் நாள் நான் போனபோது படம் கூடத்துத் தெற்குச் சுவரில் இருந்தது. சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். மன்னி மாலையின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி, மீன் மறைகிறாற்போல் கட்டியிருந்தார். மின்விசிறிக் காற்றில் மாலை அசைந்தது. அசையும்போதெல்லாம் மீன் எட்டிப் பார்த்தது. வந்தவர்கள் எல்லாரும் முதலில் அக்காவைப் பார்த்தார்கள், பிறகு மீனைப் பார்த்தார்கள், பிறகு கணேசன் சாரைப் பார்த்தார்கள். அவர் எல்லாரிடமும் ஒன்றையே சொன்னார்: "அது அவ கேமராப் பை."

வாசல் தாண்டி ஒருநாளும் வராத பை அப்படித்தான் உள்ளே வந்தது. இதற்காகத்தான் அந்த ஹோல்டரை அக்கா அடி அறையில் வைத்தாரா? அந்த வீட்டில் யாரும் அதற்குள் கை விட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டா? அப்படியானால் அதைத் தன் படம் என்று நினைத்தா எடுத்தார்? கழி இல்லாததால்தானே நின்றார், அளவுக்குத்தானே? அளவுக்கு நிற்கிறவர் எதற்குச் சிரிக்கிறார்? ஒருவேளை மேல் தடுப்பு நிறைந்துபோய், இடமில்லாமல் கீழே வைத்தாரோ என்னவோ. மாடியில் வேட்டியின்மேல் கிடந்த ஹோல்டர்களை நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது அவையெல்லாம் கலந்துபோய்விட்டன.

இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது ஐந்தாவதாக ஒரு காரணம் சொல்லியிருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். ஒன்றோடு ஒன்று ஒத்துவராவிட்டாலும் பரவாயில்லை.

கேமரா அந்த வீட்டிலேயே இருக்கிறது. பைகளை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மன்னிதான் கொண்டுவந்து கொடுத்தார், தோளில் மாட்டிக்கொண்டு, ஆட்டோவில். நீளப் பையில் என் ஸ்கேனரின் முக்காலி போகிறது. சதுரப் பையின் மேல் தடுப்புகளில் பேட்டரி, வயர் எல்லாம் நிற்கின்றன. ஸ்கேனருக்கென்று கம்பெனி கொடுத்த பை நன்றாகத்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு இதை ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்று அனு கேட்டாள். தோளுக்குச் சுகமாக இருக்கிறது என்றேன். சுகமாக இல்லை.

போன வாரம் போனக்காட்டில் தேயிலைத் தொழிற்சாலையின் பழைய கட்டடம் ஒன்றை அளக்கப் போயிருந்தோம். மலைமேல், கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேட்டைத் திறந்துவிட்ட தோட்டத்துக்காரர் தமிழ் ஆள். பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன சார், இந்த மலையில எங்க மீன் புடிக்கப் போறீங்க?"

சொல்வதற்கு என்னிடம் நாலு காரணங்கள் இருந்தன. நாலும் வாய் வரைக்கும் வந்தன. எது என்னுடையது என்று தெரியவில்லை.

"மாட்டினா சொல்றேண்ணே" என்றேன்.

அடி அறையில் மட்டும் நான் இதுவரை எதையும் வைக்கவில்லை. ஜிப்பை மூடியே வைத்திருக்கிறேன்.